ஆறுமுக நாவலரின் பள்ளிக்கும் அச்சுக்கூடத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

நண்பர் கேட்டிருப்பது இது: "ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடங்கள் நிறுவினார், அச்சுக்கூடம் நடத்தினார், பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார் என்று படித்தேன். அவர் பெருஞ்செல்வர் அல்லர். இருந்த சம்பள வேலையையும் விட்டுவிட்டார். அப்படியானால் இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புகழ்ச்சி?" கேள்வி பணத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், ஆட்சியதிகாரமோ அரச ஆதரவோ இல்லாத ஒரு தமிழாசிரியர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மூன்று பெரிய காரியங்களை ஒரே காலத்தில் எப்படித் தாங்கினார் என்பதுதான் நண்பர் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய தமிழ் அச்சு நூல்களைப் பார்த்து, ஒப்பிட்டு, அட்டவணைப்படுத்துவதே நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. எனவே அச்சும் பதிப்பும் சார்ந்த பகுதியை உறுதியோடு சொல்ல முடியும். சைவ சித்தாந்த விவாதங்களில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அவற்றுக்குள் போகமாட்டேன்.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் 1822 டிசம்பர் 18 அன்று யாழ்ப்பாணத்து நல்லூரில் கந்தப்பிள்ளை, சிவகாமி தம்பதியருக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். 1879 டிசம்பர் 5 அன்று காலமானார், திருமணம் செய்துகொள்ளவில்லை. இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் இலக்கிய இலக்கணம் கற்றார். ஆங்கிலத்தை யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் கற்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அப்பள்ளிதான் பிற்காலத்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. அதன் தலைவராக இருந்த பீற்றர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியை மேற்கொண்டபோது, அவருக்குத் துணையாக இருந்த தமிழ்ப் பண்டிதர் இவர்.

இந்த விவிலியச் செய்தியை வைத்துப் பல மிகைக் கூற்றுகள் உலவுகின்றன. "பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர் நாவலர்" என்று ஒரே வரியில் சொல்வது சரியன்று. மொழிபெயர்ப்பு தொடங்கியதும் அதற்குப் பொறுப்பேற்றதும் மிஷனரிகள். பெர்சிவலுக்குத் தமிழ் வாக்கியத்தைச் செப்பம் செய்துகொடுத்தவர் நாவலர். அந்தப் பதிப்பு 1850இல் வெளிவந்தது. ஆனால் தமிழ்ப் புரொட்டஸ்டன்ட் சபைகளில் அது நிலைக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் வெளியான பதிப்பே பெருவழக்காயிற்று. பெர்சிவலும் நாவலரும் மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்றார்கள் என்றும், மழவை மகாலிங்கையர் அதன் நடையைப் பாராட்டினார் என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பாராட்டின் சொற்கள் நூலுக்கு நூல் வேறுபடுவதால், நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு உரையாடலைக் கர்ணபரம்பரைச் செய்தியாக வைத்துக்கொள்வதே நல்லது. பெர்சிவல் கூடுதல் சம்பளம் தந்து அவரைத் தக்கவைக்க முயன்றார் என்ற கதையையும் அவ்வாறே கொள்ளலாம்.

மிஷன் பள்ளியில் அவர் பெற்றவற்றுள் முதன்மையானது ஆங்கில மொழி அன்று என்பது என் கருத்து. ஒரு நிறுவனத்தை நடத்துவது எப்படி என்பதை அவர் அங்கே உள்ளிருந்து பார்த்தார். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தல், ஒவ்வொரு வகுப்புக்கும் படிமுறையாக எழுதிய பாடநூல், வினாவும் விடையுமாக அமைந்த சமயக் கையேடு, வாரந்தோறும் பிரசங்கம், மலிவு விலைத் துண்டுப் பிரசுரம், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அச்சுக்கூடம் என்ற ஏற்பாட்டை யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் முப்பது ஆண்டுகளாகப் பழக்கிவைத்திருந்தார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் செமினரி 1823 முதல் நடந்தது. மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் இயங்கியது. 1841 முதல் உதயதாரகை பத்திரிகை வெளிவந்தது. நாவலர் அந்த ஏற்பாட்டின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துச் சைவத்துக்கும் தமிழுக்கும் அமைத்தார். எதிர்த்தவர்களிடமிருந்தே முறையைக் கற்றார் என்று சொல்வதில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவருடைய முதற் பிரசங்கம் நடந்தது. அந்தக் கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வைத்திலிங்கச் செட்டியார் என்ற வணிகர் கட்டுவித்தது. வண்ணார்பண்ணை வணிகர்கள் மிகுந்த பகுதி என்பதை மனத்தில் கொண்டால் பணத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைத்துவிடும். வாரந்தோறும் வெள்ளி இரவு அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசிவந்தார்கள். பேச்சைக் கேட்டவர்களுள் கொடுக்கத் தக்கவர்களும் இருந்தார்கள். 1848 ஆவணியில் அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலர், அதே ஆண்டு மிஷன் வேலையிலிருந்து விலகினார். பள்ளி பொதுமக்களின் நன்கொடையில் நடந்தது. மிஷன் பள்ளிகளுக்கு அரசு உதவிப்பணம் கிடைத்துவந்த காலத்தில் இந்தப் பள்ளிக்கு அது நெடுங்காலம் கிட்டவில்லை. அவருடைய சொந்தச் செலவு மிகச் சுருக்கமானது. உத்தியோகம் பார்த்த தமையன்மாரின் ஆதரவும் இருந்தது. வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளியை நடத்தினார் என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் இயல்பாக இருந்ததால் இது நம்பத்தக்கதே. என்றாலும் பள்ளியின் செலவு முழுவதையும் பிடியரிசி தாங்கியது என்று எழுதுவது மிகை.

பள்ளி தொடங்கியவுடன் எழுந்த முதல் இடர், கையில் கொடுத்துப் படிக்கவைக்க நூல் இல்லாமைதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏட்டைப் பார்த்தும் கேட்டும் நிகண்டையும் நீதிநூலையும் மனப்பாடம் செய்தார்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே பக்கத்தைத் திறந்து ஒரே பாடத்தைப் படிக்க ஏடு உதவாது. அச்சு இல்லாமல் வகுப்பு இல்லை என்பதை உணர்ந்த நாவலர், மறு ஆண்டிலேயே, அதாவது 1849இல், மாணவர் சதாசிவப்பிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் புறப்பட்டார். இந்தச் சதாசிவப்பிள்ளையையும் உதயதாரகையோடு தொடர்புடைய கிறிஸ்தவ அறிஞர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையையும் ஒருவராகவே எண்ணி எழுதுபவர்கள் உண்டு. இருவரும் வேறு வேறானவர்கள். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்து "நாவலர்" என்ற பட்டத்தைப் பெற்றார். சென்னையில் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டுக்கொண்டு, வாங்கிய யந்திரத்தோடு ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் அதை நிறுவி வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டார். பின்னாளில் அதே பெயரில் சென்னையில் தங்கசாலைத் தெருவிலும் அச்சுக்கூடம் நடந்தது. இந்தியர்கள் அச்சுக்கூடம் நடத்துவதற்கு இருந்த தடைகளை 1835ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியிருந்ததால், சென்னையில் யந்திரமும் எழுத்தும் வாங்குவதும் அச்சுத்தொழில் தெரிந்தவர்களைத் தேடுவதும் அந்த நேரத்தில் கைக்கெட்டும் காரியங்களாக இருந்தன. இருபது ஆண்டு முன்னதாகப் பிறந்திருந்தால் அவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனி நண்பருடைய கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அந்த அச்சுக்கூடம் வெளியிட்ட நூல்கள் மூன்று வகையாக விற்றன. பாலபாடங்கள், ஆத்திசூடி, கொன்றைவேந்தன், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம் போன்ற சிறு நூல்கள் முதல் வகை. பிள்ளைகள் ஆண்டுதோறும் புதிதாக வருவார்கள், நூல் கிழியும், மறுபடி வாங்கவேண்டும். முதற் பாலபாடம் 1850இலும் இரண்டாம் பாலபாடம் 1851இலும் வந்தன. அவற்றைப் பல தலைமுறைகள் மறுபதிப்பாக வாங்கிப் படித்தன என்பது எந்தப் பழைய நூலகத்திலும் கண்ணால் காணக்கூடியது. பெரியபுராண வசனம் போன்ற பெரிய நூல்கள் அடுத்த வகை. இவற்றைக் குடும்பங்களும் கோயில்களும் மடங்களும் வாங்கின. நன்னூல் விருத்தியுரை, திருக்குறள் பரிமேலழகருரை, திருக்கோவையாருரை போன்ற புலவர்க்கான பதிப்புகள் மற்றொரு வகை. அச்சிட அதிகச் செலவாகும், வாங்குவோர் குறைவு. இந்தக் கடைசி வகைக்கே பெரும் புரவலர் தேவைப்பட்டார். இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுசாமித் தேவர் திருக்குறள், திருக்கோவையார் பதிப்புகளுக்குத் துணைநின்றார். இரண்டும் 1861இல் வெளிவந்தன. சிறு நூல் பள்ளிக்கு உதவியது, பள்ளி சிறு நூலுக்கு வாசகரைத் தந்தது, பெரிய நூலுக்கு இராமநாதபுரத்துக் கொடை வந்தது. அச்சுக்கூடத்தையும் பள்ளியையும் தனித்தனி அறங்களாக எண்ணினால் வரவுசெலவு புரியாது. அவை ஒன்றையொன்று தாங்குமாறு அமைக்கப்பட்ட ஒரே நிறுவனம்.

இதை நண்பரே நேரில் பார்த்து அறிய வேண்டுமானால், அந்தக் காலத்து நூல் ஒன்றின் முகப்புப் பக்கத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இன்றைய நூல்களைப் போல் பெயரும் படமுமாக அது இராது. பக்கம் முழுவதும் ஒரே நீண்ட வாக்கியம். நூலின் பெயர், மூல ஆசிரியர், உரையாசிரியர் ஆகியோரை முதலில் சொல்லி, பின்பு யாருடைய விருப்பத்தின்படி அல்லது வேண்டுகோளின்படி, யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரால் பரிசோதித்து, எந்த ஊரில் எந்த யந்திரசாலையில் பதிப்பிக்கப்பட்டது என்று முடியும். அடியில் வருடத்தின் தமிழ்ப் பெயரும் மாதமும் இருக்கும். பணம் கொடுத்தவர், பாடத்தைச் சரிபார்த்தவர், அச்சிட்டவர் மூவரும் அந்த ஒரே வாக்கியத்தில் இருப்பார்கள். பரிசோதித்தல் என்பது அச்சுப்பிழை திருத்துவது மட்டுமன்று. கிடைத்த ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வதையும் அது குறிக்கும். ஒரு நூலில் நாவலர் பெயர் இருந்தால் அது பிழையற்றது என்று புலவர்கள் நம்பினார்கள். விற்பனைக்கு அந்த நம்பிக்கையே முதலாயிற்று. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை வெளியிட்டபோது நாவலரைக் கொண்டு பரிசோதிப்பித்தே வெளியிட்டார்.

ஆண்டுகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். நாவலர் நூல்களுக்கு இரு வேறு நூல்களில் இரு வேறு ஆண்டுகள் தரப்பட்டிருப்பதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். தமிழ் வருடம் சித்திரையில் பிறந்து அடுத்த பங்குனியில் முடிகிறது. துன்மதி என்று முகப்பில் இருந்தால் அது 1861 ஏப்ரல் நடுவிலிருந்து 1862 ஏப்ரல் நடுவரை எந்த மாதமாகவும் இருக்கலாம். மாதம் குறிப்பிடப்படாத நூலுக்கு அட்டவணைக்காரர் ஒருவர் 1861 என்றும் மற்றொருவர் 1862 என்றும் எழுதிவிடுகிறார். ஓர் ஆண்டு வேறுபாட்டைக் கண்டு யாரோ பொய் சொல்லிவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

வசனநடையைப் பற்றி நண்பர் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் இந்த நூல்கள் ஏன் விற்றன என்பதற்கு அதுவே காரணம். 1852இல் வந்த பெரியபுராண வசனத்தை எடுத்துக்கொள்வோம். சேக்கிழாரின் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் உள்ள கதையை, புராணம் படிக்கும் பயிற்சியில்லாத ஒருவர் தாமே வாசித்துப் பொருள் கொள்ளுமாறு உரைநடையில் எழுதினார். வாக்கியங்கள் நீளமானவைதான், வடசொற்களும் நிறைய உண்டு. ஆனால் எழுவாய் எது, பயனிலை எது என்று தேடவேண்டியதில்லை. சந்தியை வேண்டிய இடத்தில் பிரித்து, நிறுத்தக்குறிகளை இட்டு, கண் தங்கி மூச்சு வாங்கும் இடங்களைக் காட்டினார். தமிழில் நிறுத்தக்குறிகளை முதன்முதலில் புகுத்தியவர் அவரே என்று மேடைகளில் சொல்கிறார்கள், அது பொருந்தாது. மிஷன் அச்சுக்கூடங்கள் அவற்றை ஏற்கெனவே கையாண்டன. அந்தக் குறிகளைச் சைவ நூல்களுக்கும் இலக்கண உரைகளுக்கும் கொண்டுவந்து, புலவர் உலகம் ஏற்கும்படி பழக்கியவர் அவர் என்பதே சரியான கூற்று. அதுவே போதிய பெருமை. பரிதிமாற்கலைஞர் அவரை "வசனநடை கைவந்த வல்லாளர்" என்று பாராட்டியது பொருத்தமானதே.

1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்தவர் கொடுத்த பணம் தமிழகத்துப் பள்ளிக்கும், தமிழகத்துப் புரவலர் கொடுத்த பணம் யாழ்ப்பாணத்துப் புலவரின் பதிப்புக்கும் சென்றதை நாம் இன்று கவனிப்பதில்லை. அவருக்குப் பாக்கு நீரிணை ஓர் எல்லையாகத் தோன்றியதாகவே தெரியவில்லை. அச்சிட்ட நூல் கட்டுகள் இரு கரைக்கும் போய்வந்தன. பணம் கேட்பதில் அவர் கூச்சப்படவில்லை. தருமத்துக்கு என்ன தேவை, எதற்காகத் தேவை என்று விக்கியாபனம், அதாவது பொது அறிவிப்பு, அச்சிட்டு ஊரறியக் கேட்டார். கொடுக்க வல்லவர்கள் கொடாமல் இருந்தால் அதையும் கடுமையாக எழுதினார். கோயில் நிர்வாகிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிர்வாகம் பற்றி அவர் வெளியிட்ட பிரசுரங்களைப் படிப்பவர்கள், கொடையாளர்களுக்கு முகமன் கூறி வாழ்ந்த மனிதர் இவர் அல்லர் என்பதை உடனே உணர்வார்கள்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று எழுதுவோரோடு நான் உடன்படமாட்டேன். சைவப் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதற்காக மிஷன் பள்ளிகளை நாடாதிருக்க வேண்டுமென்று 1872இல் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை மூட நேர்ந்தது. போதிய பணம் சேரவில்லை. தமிழ்ப் பள்ளியைத் தாங்கிய பாலபாட வரும்படியைப் போல ஆங்கிலப் பள்ளிக்கு அச்சுக்கூடத்திலிருந்து எதுவும் வர வழியில்லை. ஆங்கிலப் பாடநூல் வெளியிலிருந்து வரவேண்டும். ஆசிரியர் சம்பளமும் அதிகம். முன்பு சொன்ன அந்த ஒன்றையொன்று தாங்கும் அமைப்பு எங்கே இல்லையோ அங்கே அவருடைய முயற்சி நிற்கவில்லை என்பதை இதில் காண்கிறேன். அவர் மறைந்தபின் 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை 1890இல் ஏற்று நடத்திய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியே அந்த நோக்கத்தை நிறைவேற்றியது.

அடுத்தது கஞ்சித்தொட்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. தோட்டம் கிணற்று நீரால் விளையும். நெல்லோ மழையை நம்பியது. மழை தவறினால் இந்தியாவிலிருந்து வரும் அரிசியே கதி. 1876, 1877ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது சென்னை மாகாணத்திலும் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. அதனால் அந்த வழியும் நெருக்கடிக்குள்ளாயிற்று. கூடவே வாந்திபேதியும் பரவியது. நாவலர் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்தி, செல்வர்களிடமும் வணிகர்களிடமும் அரிசியும் பணமும் சேர்த்து, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். அப்போது யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபராக இருந்தவர் துவைனம். மக்கள் துயரத்தை அவர் உரியபடி கவனிக்கவில்லை என்று நாவலர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டி எழுதினார். பள்ளிக்கு அரசு உதவிப்பணம் தேவைப்பட்ட ஒருவர், அந்தப் பகுதியின் தலைமை அதிகாரியை எதிர்த்து எழுதினார் என்பதைக் கருதிப் பார்த்தால் அந்தத் துணிவின் அளவு விளங்கும். எத்தனை பேர் உண்டார்கள், எவ்வளவு அரிசி செலவாயிற்று என்று வலைப்பக்கங்களில் தரப்படும் எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. அவற்றை மேற்கோள் காட்டாமல் இருப்பதே முறை.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சாதியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பதில் நேர்மையாகாது. நாவலர் தம் நூல்களில் சாதி வரம்பை ஏற்றுக்கொண்டே எழுதினார். சமய ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகவே அதைக் கருதினார். அவருடைய பள்ளிகள் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் உயர்ந்தவையாக எண்ணப்பட்ட சாதிப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு அமைந்தவை. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அவற்றில் இடமில்லை. "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி இதைக் கடந்துபோவது சரியன்று. ஏனெனில் அதே காலத்தில், அதே ஊரில், மிஷன் பள்ளிகள் எல்லாச் சாதியினரையும் சேர்க்க முயன்றன. அங்கும் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைப்பதில் பூசல்கள் எழுந்து 20ஆம் நூற்றாண்டுவரை நீடித்தன என்றாலும், மாற்று வழி ஒன்று கண்முன் இருந்தது. கொடையாளர்கள் யார் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலமும் வணிகமும் கையில் வைத்திருந்த சாதியினரின் நன்கொடையில் நின்ற பள்ளி அவர்களுடைய வரம்புக்குள்ளேயே நின்றது. நாவலரின் சொந்த நம்பிக்கையும் அதற்கு மாறாக இருக்கவில்லை என்பதால், கொடையாளர் நிர்ப்பந்தம் என்று பழியை இறக்கிவைக்கவும் நான் விரும்பவில்லை. அவருடைய உரைநடையும் பதிப்பும் அனைவருக்கும் பயன்பட்டன. அவருடைய வகுப்பறை அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. இரண்டும் உண்மை.

இராமலிங்க அடிகளோடு நேர்ந்த பூசலையும் எவரேனும் இங்கே எழுப்பக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிகளின் பாடல்களான திருவருட்பா 1867இல் அச்சேறியபின் அதைத் திருமுறைகளுக்கு ஒப்பாகப் போற்றுவதை நாவலர் மறுத்தார். விவகாரம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. இவை உறுதியானவை. நீதிமன்றத்துக்குள் அடிகள் நுழைந்தபோது யார் எழுந்து நின்றார், நீதிபதி என்ன கேட்டார், நாவலர் என்ன சொன்னார் என்பனவெல்லாம் இரு தரப்பாரும் பின்னாளில் தத்தம் விருப்பப்படி வளர்த்த கதைகள்.

கடைசி ஆண்டிலும் அவர் பொதுக்காரியத்தில் ஈடுபட்டிருந்தார். இலங்கைச் சட்டநிரூபண சபையில் (சட்டமியற்றும் அவையில்) தமிழருக்காக இருந்த முத்துக்குமாரசுவாமி 1879 மே மாதத்தில் காலமானபோது, அந்த இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் நியமிக்கப்பட வேண்டுமென்று நாவலர் யாழ்ப்பாணத்தில் ஆதரவு திரட்டினார்; இராமநாதனே நியமனம் பெற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தபின் சிதம்பரம் பள்ளியையும் அச்சுக்கூடத்தையும் சதாசிவப்பிள்ளை கவனித்தார். தமையன் மகன் த. கைலாசபிள்ளை அவருடைய வரலாற்றை எழுதியதோடு, சிதறிக்கிடந்த விக்கியாபனங்களையும் கண்டனங்களையும் திரட்டி ஒரு தொகுதியாக வெளியிட்டார். நண்பர் தொடர்ந்து படிக்க விரும்பினால் வாழ்க்கை வரலாறுகளுக்கு முன்பாக அந்தத் தொகுதியில் உள்ள விக்கியாபனங்களைப் படிக்கட்டும். எந்தத் தருமத்துக்கு என்ன செலவு, யாரிடம் எதற்காகக் கேட்கிறேன் என்று நாவலரே எழுதியவை அங்கே இருக்கின்றன. நூலகம் என்ற இணையத் தளத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய பதிப்புகள் பலவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சென்னையில் இருப்பவரானால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம்.